கடைக்காரர் பதில்கள்: இது பாட்டா, கத்தலா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்கப் பாடகரின் முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். ‘நோ டைம் ஃபார் ட்ரீமிங்’ என்று பெயர். கனவு காண நேரமில்லை என்று பொருள். 2011 ஜனவரியில் வந்தது, ஆனால் காதில் விழும்போது 1967இல் பதிந்தது போல இருக்கும், பாடியவருக்கு அப்போது வயது 62 என்று நாலு வரி. அவ்வளவுதான். வந்து குவிந்தது 37 கடிதம். வாட்ஸ்அப்பில் வந்ததை எண்ணவில்லை. பாதி வாழ்த்து, பாதி வசவு. சிம்மக்கல்லில் இருபது வருஷம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவனுக்கு வசவு புதிதல்ல. ‘பல்லவி முடியுறதுக்குள்ள டேப் தீர்ந்துபோச்சு, இதுக்கு எதுக்குய்யா காசு?’ என்று கல்லாவில் கேசட்டை எறிந்துவிட்டுப் போனவர்களுக்கே டீ வாங்கிக் கொடுத்துப் பழகியவன் நான்.

பெயர் போட வேண்டாம் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

திருமங்கலம் வாசகர்: 62 வயதில் முதல் ஆல்பம் என்பதை நம்ப முடியவில்லை. விற்பனைக்காகக் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

கட்டிவிடுவதாக இருந்தால் இவ்வளவு சுற்றிவளைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். 1948இல் ஃபுளோரிடா மாநிலத்து கெயின்ஸ்வில்லில் பிறந்தவர். எட்டு வயது வரை பாட்டி வீடு. அப்புறம் அம்மா வந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கூட்டிப் போனார். 1962இல் அக்காள் கைபிடித்து அழைத்துப் போய் ஹார்லெமில் இருக்கிற அப்பல்லோ தியேட்டரில் ஜேம்ஸ் பிரவுன் என்ற பாடகரைக் காட்டினார். பையனுக்கு அன்றைக்குப் பிடித்த பித்து கடைசி வரை விடவில்லை. வீட்டுக்கு வந்து துடைப்பக் கட்டையை மைக்காகப் பிடித்து ஆட ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கதை நீள்கிறது. பதினான்கு வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். ராத்திரியெல்லாம் சுரங்க ரயில் பெட்டியில் தூக்கம். வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கம் நடத்திய ஒரு பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து மெய்ன் மாநிலத்தில் சமையல் கற்றுக்கொண்டார். சமையல்காரராகவே பல வருஷம் ஓடியது. நியூயார்க் மாநிலத்தில் கொஞ்ச காலம், அப்புறம் மேற்கே கலிபோர்னியா, நடுவில் அலாஸ்கா என்று கரண்டியோடு சுற்றினார். தொண்ணூறுகளில் வயதான அம்மாவோடு இருக்க புரூக்ளினுக்குத் திரும்பினார். ராத்திரிகளில் விக் வைத்து, மேலங்கி போர்த்தி, ‘பிளாக் வெல்வெட்’ என்ற பெயரில் சின்னச் சின்ன கிளப்புகளில் ஜேம்ஸ் பிரவுன் வேஷம். அந்த வேஷத்தில் பாடுவதைப் பார்த்துத்தான் டாப்டோன் என்ற சிறிய ரெக்கார்டு கம்பெனியின் கேப்ரியல் ராத் அவரைப் பிடித்தார். 2002இல் ஒரு சிங்கிள், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டு, வந்தது. ஆல்பம் வர இன்னும் ஒன்பது வருஷம் ஆனது.

எனக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் விடிகாலை மூன்று மணிக்கு சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டே பாடுகிற மாஸ்டர்களை நீங்கள் கேட்டதில்லையா? நம் பக்கம் அந்த வழியாக ஒரு கேப்ரியல் ராத் போவதில்லை, அதுதான் வித்தியாசம்.

நரிமேடு வாசகர் (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்): 1962இல் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தபோது அவருக்கு 11 வயது என்று போன இதழில் எழுதினீர்கள். 1948இல் பிறந்தவருக்கு 1962இல் எப்படி 11 ஆகும்?

ஆகாது சார். அவர் பிறந்தது நவம்பரில். அதனால் அந்த வருஷம் 13 முடிந்து 14 நடப்பு. கடையில் பில் போட்டபோதும் என் கூட்டல் இப்படித்தான் இருக்கும், நஷ்டம் எனக்கு என்பதால் யாரும் சொல்லவில்லை.

மேலூர் வாசகர்: மகன் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். இரண்டாவது பாட்டிலேயே என் மனைவி வந்து, ‘யாரை அடிக்கிறாங்க?’ என்று கேட்டாள். இது பாட்டா, கத்தலா?

வீட்டம்மா காது நல்ல காது. அடிவாங்குகிற ஓசைதான் அது. அவருக்கு ‘அலறும் கழுகு’ என்று பட்டமே வைத்திருந்தார்கள்.

கத்தலில் ரகம் இருக்கிறது. மேடையில் கைதட்டல் வாங்கக் கத்துவது ஒன்று. சொல் தீர்ந்துபோன இடத்தில் வேறு வழியில்லாமல் வருவது ஒன்று. மதுரை சோமு கச்சேரியைக் கோயில் மைதானத்தில் மணலில் உட்கார்ந்து கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். பக்கவாத்தியம் ஒரு பட்டாளம் இருக்கும். மேல் ஸ்தாயியில் போய் நின்று உருகும்போது குரல் கிழிகிறதா, சபைக்கு அழகா என்றெல்லாம் அவர் பார்த்ததில்லை. அதனால்தான் சங்கீதம் தெரியாத சம்சாரி கூட விடிய விடிய உட்கார்ந்திருந்தார். இன்னும் கீழே இறங்கி வந்தால் நம் வீடுகளின் ஒப்பாரி. ஒப்பாரியில் ஒரு பாட்டி ‘என்னப் பெத்த மவராசா’ என்று இழுத்து, மூச்சு முட்டி, கடைசியில் எழுத்தே இல்லாத ஒரு ஓசையில் போய் விழுவாள். அந்த ஓசையை யாரும் கத்தல் என்று சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பாட்டோடு நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கும் அந்தப் பாட்டு சுமார்தான். எட்டாவதாக ‘ஹவ் லாங்’ என்று ஒன்று வரும். அதில் அவர் எங்கே கத்தாமல் விடுகிறார் என்று கவனித்துவிட்டு எழுதுங்கள். கையடக்க ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் எல்லாருமே அடிவாங்குவது போலத்தான் கேட்கும்.

ஆனையூர் வாசகர்: நம்ம இளையராஜாவை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு?

யார் விட்டது? காலையில் அவர், ராத்திரி இவர்.

கோரிப்பாளையம் வாசகர் (கல்லூரி மாணவர்): 2011இல் கம்ப்யூட்டரில் எவ்வளவோ வசதி வந்துவிட்டது. வேண்டுமென்றே பழைய கருவியில் பதிந்து 1967 மாதிரி சத்தம் கொடுப்பது போலி இல்லையா? கல்யாண வாசலில் பிளாஸ்டிக் வாழைமரம் கட்டுவது போல எனக்குத் தோன்றியது.

தம்பி, வந்த கடிதங்களில் உன்னுடையதுதான் முதல் பரிசு. அந்த வாழைமரத்தை இரண்டு நாள் மண்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பாதி சரி. பழைய சோல் பாட்டு மாதிரி என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆல்பங்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான். மெல்லிய கோட்டு, கறுப்பு வெள்ளை அட்டைப்படம், எக்கோ கொஞ்சம் தூக்கல், முடிந்தது. ஐந்தாவது பாட்டில் கொட்டாவி வந்துவிடும். ஆனால் இந்த ஆட்களின் விஷயத்தில் ஒலி எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

டேப்பில் பதியும்போது, ஒவ்வொரு சத்தத்தையும் தனியாக வாங்கும் தடங்கள் கொஞ்சம்தான் இருக்கும், எட்டு அல்லது பதினாறு. கம்ப்யூட்டரில் இருநூறு வைத்துக்கொள்ளலாம். தடம் குறைவாக இருந்தால் டிரம்ஸ், பாஸ், கித்தார் எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒருவருடைய மைக்கில் இன்னொருவருடைய சத்தம் ஒழுகும். அப்புறம் தனியாகப் பிரித்துத் திருத்த முடியாது. டிரம்ஸ்காரர் ஒரு அடி தவறவிட்டால் எல்லோரும் முதலிலிருந்து. அதனால் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். நீ கேட்கிற அந்தப் பழைய வாசனையில் பாதி இந்த பயம்தான்.

மீதிப் பாதி டேப்பின் குணம். என் கடையில் டேப் டெக்கில் பதியும்போது சத்த அளவு காட்டும் ஊசி சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்பார்கள். கொஞ்சம் தெரிந்தவன் வேண்டுமென்றே ஒரு நூல் சிவப்பில் விடுவான். அதிகச் சத்தத்தை டேப் அப்படியே வாங்காது, ஓரத்தை மழுக்கி அமுக்கி வாங்கும். டிரம்பெட் எகிறும்போது காதைக் கிழிக்காமல் சதைப்பற்றோடு கேட்பது அதனால்தான். ரொம்ப விட்டால் கரகரத்துக் கெட்டுப்போகும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், டேப் உரசுகிற ஹெட்டைத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனி வெளுத்துப்போனதெல்லாம் இந்த வித்தைக்காகத்தான்.

இந்த ஆல்பத்தில் வாசித்த மெனஹன் ஸ்ட்ரீட் பேண்டு என்ற குழுவுக்கு அந்தப் பெயர் வந்ததே, கித்தார்காரர் தாமஸ் பிரென்னெக் குடியிருந்த புரூக்ளின் தெருவை வைத்துத்தான். வீட்டுக்குள் வைத்துப் பதிந்து பழகியவர்கள். வசதி இல்லாமல் பிறந்த ஒலி அது. அறுபதுகளிலும் அப்படித்தான். மெம்பிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் கம்பெனி ஒரு மூடிய சினிமா தியேட்டரை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கியது. சீட்டைப் பிடுங்கினார்களே தவிர, சரிவான தரையைச் சமன் செய்யவில்லை. அந்தச் சரிவும் உயர்ந்த கூரையும் சேர்ந்து ஒரு கனத்த ஒலியைக் கொடுத்தன. நம் ஊரில் தியேட்டர் மூடினால் துணிக்கடை ஆகும் அல்லது மண்டபம் ஆகும். யாருக்கும் பாட்டுக் கூடம் தோன்றவில்லை. சரி, அது வேறு புலம்பல்.

உன் வாழைமரத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் வாழைமரம் குலை தள்ளாது. இந்த ஒலியில் குலை தள்ளியிருக்கிறது. மெனஹன் ஸ்ட்ரீட் குழுவின் வாத்திய இசை ஒன்றை 2007இலேயே ஜே-ஸி எடுத்துத் தன் ராப் பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டுக்கொண்டார். பழையதைப் பார்த்துச் செய்ததிலிருந்து புதியதும் எடுத்திருக்கிறது பார். இதற்கு மேலும் போலி என்று தோன்றினால் மறுபடி எழுது. நீ எழுதும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாடிப்பட்டி வாசகர்: நான் மேளம் அடிக்கிறவன். இந்தப் பாட்டுகளில் அடி கொஞ்சம் பிந்தி விழுகிற மாதிரி இருக்கிறது. தாளம் தப்புகிறாரா, அப்படித்தானா?

வாடிப்பட்டியிலிருந்து தாளம் பற்றிக் கேட்டு எனக்கு எழுதுகிறீர்களே அண்ணே, இது திருப்பதிக்கே லட்டு. இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்படித்தான். நாலு எண்ணிக்கையில் இரண்டும் நாலும் அழுத்தமாக விழும், அது ஸ்னேர் டிரம். அதை மயிரிழை பின்னால் தள்ளிப் போடுகிறார்கள். அதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1965இல் வில்சன் பிக்கெட் என்பவர் மேலே சொன்ன ஸ்டாக்ஸ் தியேட்டர் ஸ்டூடியோவில் பாட வந்திருந்தார். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் உள்ளே புகுந்து, நியூயார்க் பிள்ளைகள் இப்போது இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று தானே ஆடிக் காட்டினார். கால் விழுகிற இடம் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி இருந்தது. டிரம்ஸ்காரர் அல் ஜாக்சன் அதைப் பார்த்து அடியைப் பின்னால் இழுத்தார். ‘இன் தி மிட்நைட் அவர்’ என்ற அந்தப் பாட்டுக்குப் பிறகு அந்த இழுவையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆட்டத்தைப் பார்த்துக் கை மாறியது. சாமியாடுகிறவர் காலைப் பார்த்து நீங்கள் அடியை மாற்றுவதில்லையா, அதே கணக்குத்தான்.

இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் ஹோமர் ஸ்டைன்வைஸ். முதல் பாட்டில் அவர் கையை மட்டும் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். உங்கள் தீர்ப்பை எனக்கு எழுதுங்கள், அடுத்த மாதம் அதை அப்படியே போடுகிறேன்.

சோழவந்தான் வாசகர்: சோல், சோல் என்கிறீர்கள். செருப்பின் அடிப்பாகமா, ஆத்மாவா?

ஆத்மா. தேவாலயத்தில் பாடிய பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள், அதுதான் சோல். ரே சார்ல்ஸ் 1954இல் ஒரு பக்திப் பாட்டின் அச்சிலேயே கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்துப் பாடினார். கோயிலுக்குப் போகிறவர்கள் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் ஆடினார்கள். நம் ஊரில் இது தலைகீழ். சினிமாவில் காதலி இருந்த மெட்டில் ஐயப்பனை வைத்துப் பாடுகிறோம். கார்த்திகை மாதத்தில் உங்கள் தெருவுக்கே வரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்லூர் வாசகர்: ஜேம்ஸ் பிரவுன் பாட்டு நானும் கேட்டவன். இது அச்சு அசல் காப்பி. மிமிக்ரிக்காரருக்கு எதற்கு ஒரு பக்கம்?

லந்தாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் மதுரைக்காரர் டி.எம். சௌந்தரராஜன் 1950இல் வெளிவந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் முதன்முதலாகப் பாடியபோது எம்.கே. தியாகராஜ பாகவதர் பாணியில்தான் பாடினார். அன்றைக்குப் பாகவதர் மாதிரிப் பாடினால்தான் பாட்டு. அப்புறம் அந்தக் குரலிலிருந்து எப்படி இறங்கி வந்து, சிவாஜிக்கு ஒன்று எம்ஜிஆருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போனார் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செல்லூர் டீக்கடையில் சொல்வார்கள். காப்பியில் ஆரம்பிப்பது குற்றமில்லை. பிள்ளை பேசப் பழகுவதே அம்மாவைக் காப்பியடித்துத்தான்.

ஆனால் இறங்கி வர முடியாமல் போனவர்களும் உண்டு. எனக்கு ஒருவரைத் தெரியும். பெயர் வேண்டாம். பகலில் மில் வேலை, பங்குனி சித்திரையில் ராத்திரி இன்னிசைக் கச்சேரி. அவர் எங்கள் வட்டாரத்தில் ‘டிஎம்எஸ் அண்ணன்’. நோட்டீஸிலேயே அப்படித்தான் போடுவார்கள். கண்ணை மூடிக் கேட்டால் சௌந்தரராஜனே திருவிழாவுக்கு வந்துவிட்டார் என்று நினைப்பீர்கள். சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் அவருக்கு ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டே இரண்டாம் ஆட்டம் சினிமா விடுகிற நேரமாகிவிடும்.

என் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை வைத்திருந்தேன். சுவரெல்லாம் சாக்கு, ஒரு மைக். ஆட்டோவில் கட்டிப் போகிற ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் பேச்சு, இரங்கல் அறிவிப்பு எல்லாம் அங்கேதான் பேசிப் பதிவோம். 1991 என்று ஞாபகம். ஒருநாள் மத்தியானம் அண்ணன் வந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்து பம்பாய் போகிறாள், என் குரலில் ஒரு தாலாட்டு பதிந்து கொடுத்துவிடு தம்பி, நாளைக்குப் பேரன் பேத்தி வந்தால் போட்டுக் கேட்கட்டும் என்றார். அவருடைய அம்மா பாடிய தாலாட்டு. சினிமாப் பாட்டு இல்லை.

பதிவு பொத்தானை அழுத்தினேன். ஆராரோ என்று ஆரம்பித்தார். சௌந்தரராஜன் வந்தார். நிறுத்திச் சிரித்தார். மறுபடி. மறுபடியும் சௌந்தரராஜன். மூன்றாவது தடவை கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, மெதுவாக எடுத்தார். இரண்டு வரி வேறு யாரோ மாதிரி இருந்தது. மூன்றாவது வரியில் அந்தக் கணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘என் குரல் எதுன்னு எனக்கே மறந்துபோச்சுப்பா’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அந்தத் தாலாட்டை டிஎம்எஸ் குரலிலேயே பதிந்து கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. முடிந்த பிறகு மைக் திறந்திருப்பது தெரியாமல் ‘நல்லா இரு தாயி’ என்றார். அது மட்டும் அவர் குரல். நான் அதை வெட்டவில்லை.

இப்போது பிராட்லிக்கு வாருங்கள். அவருக்கும் கிட்டத்தட்ட அதே விதி. பிரென்னெக் அவரை உட்காரவைத்து, ஜேம்ஸ் பிரவுன் போதும், நீங்கள் என்னிடம் சொன்ன உங்கள் கதையைப் பாடுங்கள் என்று கேட்டு வாங்கினார். பத்தாவது பாட்டு ‘வொய் இஸ் இட் ஸோ ஹார்டு’ அப்படி வந்ததுதான். இந்த நாட்டில் ஒருவன் பிழைத்து மேலே வருவது ஏன் இத்தனை கஷ்டம் என்று கேட்கிறார். ஜேம்ஸ் பிரவுன் அதைக் கட்டளையாகச் சொல்லியிருப்பார். இவர் கெஞ்சுகிறார். அறுபது வருஷம் யாரிடமும் அதட்டிப் பேசிப் பழகாத சமையல்காரரின் குரல் அது. பாட்டு சூடாகும்போது பழைய அலறல் எட்டிப் பார்க்கிறது, உண்மைதான். மேடையில் முழங்காலில் விழுவதையும் அவர் கடைசி வரை விடவில்லை. வேஷம் முழுசாகக் கழன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அண்ணனுக்கு இரண்டு வரி கிடைத்தது, இவருக்கு ஒரு ஆல்பத்தில் பாதி கிடைத்தது. அந்தப் பாதிக்காகத்தான் இந்தப் பக்கம்.

கே.கே. நகர் வாசகி: பழைய பாணியில் பாடுகிற பெண்கள் யாரும் இல்லையா? ஆண்களின் கஷ்டம்தான் கஷ்டமா?

இல்லாமலா! அதே டாப்டோன் கம்பெனியை முதலில் தூக்கி நிறுத்தியவர் ஷெரன் ஜோன்ஸ். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர், பணம் ஏற்றிப் போகிற வண்டிக்கும் காவல் இருந்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் 2002இல் முதல் ஆல்பம். அவருக்கு வாசித்த டாப்-கிங்ஸ் குழுவை அப்படியே கூட்டிப் போய்த்தான் இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 2006 ஆல்பத்தில் பல பாட்டுகளைப் பதிந்தார்கள். உலகமே வைன்ஹவுஸைக் கொண்டாடியபோது ஷெரன் ஜோன்ஸ் சின்ன மேடைகளில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், போன மாதம் அவரிடமிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும் என்று படுகிறது.

ஒத்தக்கடை வாசகர்: இந்த ஆல்பத்தை ஒரு கேசட்டில் பதிந்து தர முடியுமா? வீட்டில் டேப்ரிக்கார்டர் இன்னும் ஓடுகிறது.

கடையை மூடிப் பல வருஷமாகிறது. ஆனால் டெக் ஒன்று வீட்டில் இருக்கிறது, பிரிக்காத டிடிகே கேசட் நாலு பீரோவில் இருக்கிறது. மனைவி பார்க்காத நேரமாக வாருங்கள். 12 பாட்டு, நாற்பது நிமிஷத்துக்கு மேல் போகும். அறுபது நிமிஷக் கேசட்டில் அடங்கிவிடும். டேப் தீர்ந்துபோச்சு என்று மட்டும் திரும்பி வரக் கூடாது.

பேரையூர் அம்மா (மகள் எழுதியது): எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. திண்ணையில் கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி போனில் இந்த ஆல்பம் ஓடியது. கடைசிப் பாட்டு வந்ததும் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். ‘அந்த ஆள் யாருக்காக அழுகிறான்னு பத்திரிகைக்காரர்கிட்ட கேட்டு எழுது’ என்கிறார்.

கூடப்பிறந்தவருக்காக, அம்மா.

அந்தப் பாட்டுக்கு ‘ஹார்ட்ஏக்ஸ் அண்ட் பெயின்’ என்று பெயர். நெஞ்சுவலியும் வேதனையும். அவருடைய சகோதரரைச் சொந்தக்காரர் ஒருவரே சுட்டுக் கொன்றுவிட்டார். வெளியூரில் இல்லை, இவர்கள் குடியிருந்த இடத்திலேயே. பாடு, பாட்டை விட்டுவிடாதே என்று இவருக்குத் தைரியம் சொன்னவர் அந்தச் சகோதரர். அதற்கப்புறம் வெகுநாள் இவருக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. கித்தார்காரரிடம் ஒருநாள் இதையெல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். அவர்தான், இதையே பாட்டாக ஆக்குவோம் என்றார். காலையில் எழுந்து பார்த்தேன், இப்படி ஆகிக் கிடந்தது என்று ஒரு சாவு வீட்டில் வந்தவர்களிடம் சொல்வது போலத்தான் பாட்டு போகிறது. உங்களுக்கு மொழி தெரியாமலே அது விளங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை. எத்தனை சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

பிராட்லியும் இப்போது இல்லை அம்மா. வயிற்றில் புற்றுநோய். 2017 செப்டம்பரில், 68 வயதில் போய்விட்டார். பாடக் கிடைத்தது ஆறேழு வருஷம்தான். அதற்குள் மூன்று ஆல்பம், ஊர் ஊராகக் கச்சேரி. கச்சேரி முடிந்ததும் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தில் இருப்பவர்களைக் கட்டிப் பிடிப்பாராம்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தப் பாட்டோடு ஆல்பம் முடிகிறது. ஆனால் போன் சும்மா இருக்காது, தானாக வேறு எதையாவது எடுத்துப் போட்டுவிடும். அதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள்.